சுவரைத் தட்டினால் வருவார் யார்?

தேவிகுளத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்தோர்க்கு வீடு என்றால் லயம். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளர்க்கு வீடளிக்க வேண்டுமெனப் பணித்தது. ஆயினும் வேலை முடிந்தால் வீட்டையும் விட வேண்டும். தந்தையார் ஓய்வுபெறும் நாள் நெருங்கவே, எர்ணாகுளத்தில் இரயில்வே எழுத்தராகிய நாம் தனியே ஓர் இல்லத்தை வாடகைக்கு அமர்த்தினோம். 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மூணாற்றுச் சிற்றிரயிலை அழித்தபின் இரயிலே ஏறாத மலையிலிருந்து இவ்வேலைக்கு வந்தது வேடிக்கையே!

அன்னையார் கேட்டது ஒன்றே: "சுவத்தைத் தட்டினா யாருப்பா வருவாங்க?"

லயத்தில் இரு குடும்பங்களுக்கு இடையே ஒரே சுவர்; இருமினாலும் கேட்கும். இங்கோ, ஒரு திங்கள் கழிந்தும் அடுத்த வீட்டார் முகம் அறியோம். மலையாளம் தெரிந்திருந்தும் பேசக் கூசினோம். ஓரிரவு கடுங்காய்ச்சல் கண்டது. வேறு வழியின்றிச் சுவரைத் தட்டினோம். அடுத்த வீட்டுச் சேச்சி கஞ்சியும் சுக்குக் காப்பியும் கொணர்ந்து, முன்பே தட்டியிருக்கலாகாதா என்று கடிந்துகொண்டார்.

அன்பர்களே, புது நகரில் குடிபுகுவோர் முன்பணத்துக்கு ரசீது பெறுக. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் கொள்க. பானை சட்டி வாங்குமுன் பக்கத்து வீட்டார் பெயரைக் கேட்டறிக.

இன்று பெற்றோர் நம்முடன் உள்ளனர். வாடகை வீடுதான், எனினும், கொழுந்து கிள்ளும் கை ஓய்ந்ததால் காலி செய்க என்பார் எவருமிலர்.