மாதிரி வானூர்தி கட்டுமானத்தில் விரைவும் நேர்த்தியும்

மாதிரி வானூர்தி கட்டுதல் என்பது பறக்கக்கூடிய சிறிய வானூர்திகளைக் கையால் செய்யும் கலையாகும். ஒரு வானூர்திக்கு எவ்வளவு காலத்தைச் செலவிடுவது என்பது இதில் ஈடுபடுவோர் அனைவரும் எதிர்கொள்ளும் வினாவாகும். அவசரத்தில் செய்யப்பட்டது நேராகப் பறப்பதில்லை. மாதக்கணக்கில் மெருகேற்றப்பட்டதோ எடை கூடிவிடுகிறது. அல்லது உடைந்துவிடும் என்ற அச்சத்தால் பறக்கவிடப்படாமலே அலமாரியில் தங்கிவிடுகிறது. இக்கட்டுரை, பால்சா மரச் சட்டத்தின் மீது மெல்லிய தாள் போர்த்தி, முறுக்கிய ரப்பர்ப் பட்டையால் இயக்கப்படும் வகையை முதன்மையாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

வரலாறு

பிரான்சைச் சேர்ந்த அல்போன்சு பெனோ, தமது ரப்பர் விசை மாதிரியை ஆகத்து 18, 1871 அன்று பாரிசின் துய்லரி தோட்டத்தில் பறக்கவிட்டார். பிளானோபோர் எனப்பட்ட அது, 11 வினாடிகளில் ஏறத்தாழ 40 மீட்டர் தொலைவைக் கடந்தது. அதன் அமைப்பு மிக எளியது. மேல்நோக்கி வளைந்த இறக்கை முனைகளும், சரியான கோணத்தில் பொருத்தப்பட்ட வால் இறக்கையுமே அதனை நிலையாகப் பறக்க வைத்தன. நேர்த்தி என்பது அலங்காரம் அன்று, கோணங்களின் சரியான அமைவே என்பதற்கு இது ஒரு தொடக்ககாலச் சான்றாகும்.

பொறுமை தேவைப்படும் இடங்கள்

இறக்கையின் நேர்மை: இடது, வலது இறக்கைகளுள் ஒன்று சற்று முறுக்கிக்கொண்டாலும் வானூர்தி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுழன்று விழும். ஆதலால் வரைபடத்தின் மீது நெகிழித் தாளை விரித்து, சட்டத்தைக் குண்டூசிகளால் சமதளப் பலகையில் பொருத்தி, பசை நன்கு காயும்வரை எடுக்காமல் விடுவர். போர்த்திய தாள் மீது நீர் தெளித்தாலோ டோப் எனப்படும் பூச்சைத் தடவினாலோ, காயும்போது தாள் சுருங்கி இறுகும். அந்நேரத்திலும் இறக்கையைப் பலகையில் பொருத்தியே வைத்தல் வேண்டும்.

பசை: சயனோஅக்ரிலேட்டு பசை சில வினாடிகளில் ஒட்டும். இதனால் வேலை விரைவாகிறது. ஆனால் கோணலாக ஒட்டியதும் அப்படியே நிலைத்துவிடும். வெள்ளைப் பசை மெதுவாகக் காய்வதால், பொருத்தியபின் திருத்திக்கொள்ள இடமுண்டு. எனவே இறக்கையின் நடு இணைப்பு போன்ற முக்கிய இடங்களில் மெதுவான பசையும், ஏனைய இடங்களில் விரைவான பசையும் பயன்படுத்துவது பொருத்தமானது.

மிகையான நேர்த்தியும் எடையும்

வாலில் கூடுதலாகச் சேரும் ஒரு கிராம் பசை அல்லது வண்ணப்பூச்சு அத்துடன் நின்றுவிடுவதில்லை. ஈர்ப்பு மையத்தில் இருந்து மூக்கை விட வால் மூன்று மடங்கு தொலைவில் இருப்பின், சமநிலைக்காக மூக்கில் 3 கிராம் சேர்க்க நேரிடும். 30 கிராம் எடையுள்ள வானூர்தி இவ்வாறு 34 கிராம் ஆகும். பறப்பதற்குத் தேவையான திறன், எடையின் ஒன்றரை அடுக்கிற்கேற்ப உயர்வதால், அது ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுகிறது. அழகுக்காகச் செலவிட்ட நேரம் இவ்வாறு பறக்கும் நேரத்தைக் குறைத்துவிடுகிறது.

முறையினால் வரும் விரைவு

விரைவு வேறு, அவசரம் வேறு. எடுத்துக்காட்டாக, இறக்கையின் விலாக்களை ஒவ்வொன்றாக வெட்டாமல், பால்சாத் துண்டுகளை அடுக்கி, இருபுறமும் ஒட்டுப்பலகை அச்சுகளை வைத்து இறுக்கி, உப்புத்தாளால் ஒரே தடவையில் தேய்த்து எடுக்கலாம். இம்முறையில் நேரமும் மிஞ்சுகிறது. விலாக்கள் அனைத்தும் ஒரே வடிவிலும் அமைகின்றன. ஒரு பகுதியின் பசை காயும் வேளையில் மற்றொரு பகுதியைச் செய்வதும் இத்தகையதே.

கோசமர் காண்டோர்

மனித ஆற்றலால் இயங்கும் வானூர்திக்கான கிரெமர் பரிசு 1959 இல் அறிவிக்கப்பட்டது. பல குழுக்கள் நுட்பமாகச் செதுக்கிய வானூர்திகளுடன் முயன்றன. அவை உடைந்தபோது செப்பனிட நெடுங்காலம் தேவைப்பட்டது. இளமையில் மாதிரி வானூர்திகளைக் கட்டிப் பழகிய அமெரிக்கப் பொறியாளர் பால் மெக்கிரெடி, அலுமினியக் குழாய்கள், கம்பிகள், மெல்லிய நெகிழிப் படலம் ஆகியவற்றால், விரைவில் செப்பனிடக்கூடிய கோசமர் காண்டோரை உருவாக்கினார். அது பலமுறை உடைந்தது. ஒவ்வொரு முறையும் திருத்தப்பட்டு மீண்டும் பறந்தது. ஆகத்து 23, 1977 அன்று பிரையன் ஆலன் அதனை மிதித்து ஓட்டிப் பரிசை வென்றார்.

தொடக்கநிலையினருக்கு

முதல் வானூர்தியை எளிய வடிவில், சில நாட்களில் முடித்துப் பறக்கவிடுவது நன்று. அது விழும் விதத்தில் இருந்தே அடுத்ததில் எங்கு கூடுதல் கவனம் வேண்டும் என்பது தெரியவரும். இறக்கையின் நேர்மை, எடை, ஈர்ப்பு மையத்தின் இடம் ஆகிய மூன்றில் மட்டும் முதலிலேயே அவசரம் காட்டலாகாது.