தண்ணீர் ஏறிய கோட்டுக்கு மேலே

வட சென்னையின் கொடுங்கையூரில் மின்சார கார் வாங்கி வீட்டில் சார்ஜர் மாட்டப்போகிறவர், எந்தக் கம்பெனி, எத்தனை கிலோவாட் என்று விசாரிப்பதற்கு முன் தன் வீட்டுச் சுவரைப் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் புகுந்த வீடென்றால், அது எதுவரை ஏறியது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். சார்ஜரும் அதன் பிளக் பாயின்ட்டும் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி கேட்பது தரையிலிருந்து 800 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அடிக்குச் சற்று மேல். நம் தாழ்வான தெருக்களுக்கு அது போதாது. நெஞ்சளவு உயரத்தில் வைப்பதே நல்லது. பெட்டியின் மேல் ஐபி 65 என்று போட்டிருந்தால் தூசியும் பீய்ச்சியடிக்கும் தண்ணீரும் உள்ளே போகாது. மூழ்கினால் தாங்காது.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. 2017 நவம்பர் 1 அன்று இதே கொடுங்கையூரில், தெருவில் தேங்கிய மழைநீரில் பாய்ந்த மின்சாரம் தாக்கி இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். கார் சார்ஜருக்கும் அந்தச் சாவுகளுக்கும் தொடர்பில்லை. ஆனால் மழைநீரும் மின்கசிவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் பார்த்துவிட்டது. இங்கே ஒவ்வொரு சார்ஜரையும் அந்த நினைவோடுதான் மாட்ட வேண்டும்.

வீட்டில் ட்ரிப்பர் இருக்கிறதே என்பார்கள். சாதாரண ட்ரிப்பர் ஒயரைத்தான் காக்கும், ஆளைக் காக்காது. 16 ஆம்பியர் ட்ரிப்பர் அதற்கு மேல் இழுத்தால்தான் விழும். மனித உயிர் போக அதில் நூற்றில் ஒரு பங்குகூட வேண்டாம். ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். 30 மில்லிஆம்பியர் வேறு பக்கம் கசிந்தால் உடனே துண்டித்துவிடும். கார் சார்ஜருக்கு ‘டைப் ஏ’ வகையாவது வேண்டும். காரிலிருந்து டி.சி. கசிவும் வரக்கூடும் என்பதால், அதை உணரும் வசதி சார்ஜருக்குள்ளேயே இருக்கிறதா என்றும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது எர்த். பெரும்பாலான இடங்களில் தடுமாற்றம் இங்கேதான். காரோடு வரும் சார்ஜரைச் செருகியதும் அது முதலில் எர்த் இருக்கிறதா என்று சோதிக்கும். இல்லையென்றால் சிவப்பு விளக்கு எரியும், சார்ஜ் ஏறாது. அப்போது சிலர், பிளக் பாயின்ட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டு, “இப்ப சரியாயிடுச்சு சார்” என்பார்கள். விளக்கு பச்சையாகும், சார்ஜும் ஏறும். ஆனால் தெருவிலோ மீட்டர் பெட்டியிலோ என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால், காரின் உடம்பு முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் குழந்தை கதவுப் பிடியைத் தொட்டால் போதும். இப்படி இணைக்க எந்த எலக்ட்ரீஷியனையும் அனுமதிக்காதீர்கள்.

செய்ய வேண்டியது சார்ஜருக்கென்று தனி எர்த் குழி. கடலோர உப்பு ஈரத்தில் பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்து, பெயருக்கு மட்டும் நிற்கும். குழி போட்டபின் எர்த் மீட்டர் வைத்து அளந்து, 5 ஓமுக்குள் இருக்கிறதா என்று எழுதி வாங்குங்கள். இந்தச் செலவைக் குறைத்து விலை கூடிய சார்ஜர் வாங்குவது தவறு.

கிலோவாட் கணக்கு எளிது. காருக்குள் இருக்கும் சார்ஜரின் அளவுதான் எல்லை. 2020இல் வந்த முதல் நெக்ஸான் ஈவி 30.2 யூனிட் பேட்டரி, அது 3.3 கிலோவாட்டுக்கு மேல் வாங்காது. சுவரில் 7.2 மாட்டினாலும் வேகம் கூடாது. இரவில் ஒன்பது, பத்து மணி நேரம் நிற்கிற காருக்கு 3.3 தாராளம். ஆனால் அது இரவு முழுக்க விடாமல் 15 ஆம்பியர் இழுக்கும். பழைய ஏ.சி. பாயின்ட்டில் செருகினால் பிளக் உருகும். மெயின் போர்டிலிருந்து 4 சதுர மி.மீ. செம்பு ஒயர் தனியாக வர வேண்டும், 7.2 என்றால் குறைந்தது 6.

வீட்டின் அனுமதிக்கப்பட்ட லோடு போதுமா என்று ஈ.பி. அலுவலகத்தில் கேட்டு, தேவையானால் கூட்டிக்கொள்ளுங்கள். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் இரண்டு மாத பில்லில் சுமார் 300 யூனிட் சேரும். 500ஐத் தாண்டிய பிறகு ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய்க்கு மேல். பெட்ரோலோடு ஒப்பிட்டால் அப்போதும் லாபம்தான்.

இதெல்லாம் வாசலுக்குள் கார் நிறுத்த இடம் உள்ளவர்களுக்கு. முத்தமிழ் நகர் போன்ற இடங்களின் உள்தெருக்களில் பலருக்கு வண்டி நிற்பது தெருவில்தான். மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிட்டு, பாதையின் குறுக்கே இழுத்து, காருக்கோ ஸ்கூட்டருக்கோ சார்ஜ் போடுவதை விட்டுவிட வேண்டும். எக்ஸ்டென்ஷன் ஒயர் கூடாதென்று விதியே இருக்கிறது. இவர்களுக்காக மாநகராட்சியும் மின்வாரியமும் தண்ணீர் நிற்காத மேடான இடங்களில், தெருவுக்குப் பொதுவான சார்ஜிங் பாயின்ட்டுகளை அமைக்க வேண்டும். பெரிய சாலையோர மால்களில் மட்டும் அவை இருந்தால் வட சென்னைக்குப் பயனில்லை.