கரைக்கு வந்த திமிங்கிலங்களும் எம்மிடம் வந்த செய்திகளும்

மலையகத்தில் வாழும் எமக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நோர்வூட் பக்கத்துத் தோட்டத்து லயத்தின் வாசலில் நின்று பார்த்தால் தேயிலை மலையும் பனிமூட்டமும்தான் தெரியும். ஆனால் 2020 நவம்பரில் பாணந்துறைக் கடற்கரையில் நடந்த ஒரு சம்பவம், அந்த லயத்தில் வாழும் ஒரு பெண்ணின் தூக்கத்தைப் பல நாட்கள் பறித்துக்கொண்டது.

அவரை அக்கா என்றே குறிப்பிடுகிறேன். 1977 வன்செயலின் பின்னர் பெற்றோருடன் தோட்டத்தை விட்டு முல்லைத்தீவுக்குச் சென்றபோது அவருக்கு ஏழு வயது. 2004 சுனாமியில் தங்கையையும் தங்கையின் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தார். 2009இல் கணவரை இழந்தார். முகாமிலிருந்து வெளியே வந்ததும் தாய்மாமன் வீட்டுக்கே திரும்பி வந்து கொழுந்து பறிக்கிறார். மகள் மட்டும் ஒரு கடற்றொழிலாளியை மணந்து முல்லைத்தீவுக் கரையோரத்திலேயே வாழ்கிறாள்.

2020 நவம்பர் 2ஆந் திகதி பாணந்துறையில் நூற்றுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் கரையொதுங்கின. கொவிட் ஊரடங்கு வேளையிலும் கடற்படையினரும் கரையோரப் பாதுகாப்புப் படையினரும் ஊர் மக்களும் இரவிரவாகத் தண்ணீரில் நின்று அவற்றை ஆழமான பகுதிக்குத் தள்ளிவிட்டனர். பெரும்பாலானவை பிழைத்தன. சில இறந்தன.

அக்கா இதைத் தொலைக்காட்சியில் பார்த்தார். மறுநாள் பக்கத்து வீட்டுப் பையனின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. 2004இலும் சுனாமிக்கு முன் திமிங்கிலங்கள் இப்படித்தான் கரைக்கு வந்தன என்று அதில் எழுதியிருந்தது. எழுதியவர் யார் என்று எவருக்கும் தெரியாது.

"அண்டைக்கும் முதல்ல திமிங்கிலம் வந்ததாம் தங்கச்சி. பிறகுதான் கடல் வந்ததாம். என்ர பிள்ளை கரையிலயெல்லோ இருக்கிறாள்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மகளுக்குப் போன் எடுத்து உடனே வெளிக்கிடச் சொல்லியிருந்தார். தாயின் அழுகையைத் தாங்காமல் அவள் இரண்டு பிள்ளைகளுடன் ஒட்டுசுட்டானிலுள்ள உறவினர் வீட்டுக்குப் போய் நான்கு நாள் இருந்தாள். மருமகன் தொழிலுக்குப் போகவில்லை. காயவைத்த கருவாடு மழையில் நனைந்து பழுதாகியது. அக்காவுக்கும் இரண்டு நாள் பேர் இல்லாமற் போனது. கடல் வரவேயில்லை.

"உண்மையில் அது அறிகுறியா?" என்று அக்கா கேட்டபோது, சமூகவியல் படித்த என்னிடம் பதில் இருக்கவில்லை. அதன் பின்னரே தேடிப் படித்தேன்.

ஏன் கரைக்கு வருகின்றன?

திமிங்கிலம் மீன் அல்ல. குட்டி ஈன்று பாலூட்டும் உயிரினம். பைலட் திமிங்கிலங்கள் தாய்வழிக் கூட்டமாக வாழ்பவை. எமது கடலில் காணப்படும் வகையில், பெண் திமிங்கிலங்கள் ஈனும் வயது கடந்த பின்னரும் பல ஆண்டுகள் உயிர் வாழ்கின்றன. மனிதரைத் தவிர மிகச் சில உயிரினங்களுக்கே இவ்வியல்பு உண்டு. ஆகவே அக்கூட்டத்தில் பாட்டிமாரும் இருக்கிறார்கள்.

இவை ஒலி எழுப்பி, அதன் எதிரொலியைக் கொண்டே வழியையும் இரையையும் அறிகின்றன. மெல்லச் சரிந்து செல்லும் மணற்கரையில் எதிரொலி சரியாகத் திரும்பாது. கணவாயைத் துரத்திக்கொண்டு ஆழம் குறைந்த இடத்துக்கு வரலாம். ஒன்று நோயுற்றோ காயப்பட்டோ கரையை நாடினால் மற்றவை அதை விட்டுப் போகாமல் பின்தொடரலாம். நீர் வற்றும் நேரமாயிருந்தால் எல்லாம் அகப்பட்டுவிடும்.

மனிதரால் வரும் காரணங்களும் உண்டு. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் பஹாமாஸ் தீவுகளில் 17 திமிங்கிலங்களும் டொல்பின்களும் கரையொதுங்கின. அமெரிக்கக் கடற்படையின் சோனார் ஒலியே அதற்குப் பெரும்பாலும் காரணம் என அந்நாட்டு அரசின் விசாரணையே ஏற்றுக்கொண்டது. எமது தென்கடலில் கப்பலில் மோதி இறக்கும் திமிங்கிலங்களும் உள்ளன. ஆனால் உயிருடன் கூட்டமாகக் கரையேறுவதும், இறந்த உடல் கரையொதுங்குவதும் வெவ்வேறான விடயங்கள். செய்திகளில் இரண்டும் ஒன்றாகவே கலக்கப்படுகின்றன.

பல சம்பவங்களில் பரிசோதனை செய்த பின்னரும் காரணம் இதுதான் என்று சொல்ல முடிவதில்லை.

சுனாமிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

2004 நவம்பர் இறுதியில் அவுஸ்திரேலியாவின் தாஸ்மேனியாப் பக்கத் தீவுகளில் திமிங்கிலங்கள் கரையொதுங்கியது உண்மை. நான்கு வாரங்களின் பின் சுனாமி வந்ததும் உண்மை. இவ்விரண்டு உண்மைகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டதுதான் அந்தச் செய்தி. அந்த இடம் எமது கடலிலிருந்து பல ஆயிரம் கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. அப்பகுதியில் இது அடிக்கடி நடப்பது. அயல்நாடான நியூசிலாந்தில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 300 திமிங்கிலங்களும் டொல்பின்களும் கரையொதுங்குகின்றன.

சுனாமி வராத சம்பவங்களை அச்செய்தி சொல்லவில்லை. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக் கரையோரத்தில் 1973 ஜனவரியில் 147 பைலட் திமிங்கிலங்கள் கரையொதுங்கின. அதே பகுதியில் மணப்பாடு, திருச்செந்தூர்க் கரைகளில் 2016 ஜனவரியில் 80க்கும் மேற்பட்டவை வந்தன. 2017 மே மாதத்தில் மூதூர் சம்பூரில் சுமார் 20 வந்தன. 2020 செப்டெம்பரில் தாஸ்மேனியாவில் ஏறத்தாழ 470 வந்தன. இவற்றில் எதன் பின்னும் எமது கரைக்குச் சுனாமி வரவில்லை. வந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்து வராத பலவற்றை மறப்பது மனித இயல்பு. ஆனால் செய்தி சொல்பவர்களுக்கு அது அழகல்ல.

செய்திகள் செய்யும் தவறு

கரையொதுங்கல் பற்றிய தலைப்புகளில் "மர்மம்", "தற்கொலை", "அறிகுறி" ஆகிய சொற்களைப் பல தடவை காண்கிறேன். திமிங்கிலம் தற்கொலை செய்கிறது என்பதற்குச் சான்று இல்லை. "குடும்பமே சேர்ந்து உயிர் விட்டது" என்பதும் அவ்வளவு எளிதான கதையல்ல. நியூசிலாந்திலும் தாஸ்மேனியாவிலும் கரையொதுங்கிய பைலட் திமிங்கிலங்களின் மரபணுவைச் சோதித்து 2013இல் வெளியான ஆய்வில், அவை ஒரே தாய்வழியைச் சேர்ந்தவை அல்ல என்றும், தாயும் குட்டியும் பல இடங்களில் பிரிந்தே கிடந்தன என்றும் தெரியவந்தது.

முதல் நாள் படம் பெரிதாக வரும். பரிசோதனையின் முடிவு வரும்போது கமரா அங்கே இருக்காது. இது எமக்குப் புதியதல்ல. முகாமில் வரிசையில் நின்ற எம் பெண்களையும் அப்படித்தான் படம் எடுத்தார்கள். பின்னர் என்ன ஆனார்கள் என்று கேட்க எத்தனை பேர் வந்தார்கள்?

அறிகுறி என்று சொல்லிவிட்டால் இன்னொரு தீமையும் உண்டு. யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்த பின் கரையொதுங்கிய உடல்களை அதிகாரிகள் எண்ணினார்கள், பரிசோதித்தார்கள். 176 ஆமைகள், 20 டொல்பின்கள், 4 திமிங்கிலங்கள் இறந்ததாக அவ்வாண்டு ஜூன் இறுதியில் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. கடற்றொழிலாளரும் வழக்காடினர். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம், கப்பல் தரப்பினர் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. கடவுளின் கோபம் என்று விட்டிருந்தால் இத்தீர்ப்பு எங்கிருந்து வரும்?

நாம் என்ன செய்யலாம்?

செய்தி ஒன்று வந்தால் மூன்று கேள்விகளைக் கேட்போம். சொன்னவர் யார்? அவருக்கு எப்படித் தெரியும்? சொல்லாமல் விட்டது என்ன? ஆபத்து உண்டா என்று அறிய அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்குப் பேசலாம். கரையோரத்தில் நிலம் பலமாக அதிர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ எவரையும் கேட்டுக்கொண்டு நிற்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும். அவைதான் உண்மையான அறிகுறிகள். மலையில் வாழும் எமக்கு நிலத்தில் விழும் புதிய வெடிப்பும், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று நீரும் அப்படித்தான்.

இவற்றையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். பயந்தது அவருடைய அறியாமை அல்ல. மூன்று பேரைக் கடலுக்குக் கொடுத்தவர் பயப்படாமல் இருக்க முடியாது. அந்தப் பயத்தின் மேல் செய்தி செய்தவர்களே வெட்கப்பட வேண்டும். பாட்டித் திமிங்கிலங்களைப் பற்றிச் சொன்னபோது மட்டும், "எங்கட குடும்பம் மாதிரித்தான்" என்று சிரித்தார்.

அடுத்த ஆண்டு ஆமைகள் இறந்து ஒதுங்குவதாகச் செய்தி வந்த அன்றும் மகளுக்குப் போன் எடுத்தார். நான் பக்கத்தில் இருந்தேன். இம்முறை அவர் வெளிக்கிடச் சொல்லவில்லை.

"ஏதோ கப்பல் எரிஞ்சதாம். உங்கட பக்கம் மீன் விலைப்படுதா பிள்ளை?" என்றுதான் கேட்டார்.