விரதச் சோற்றுக்கு வரும் காகங்கள்

புரட்டாதிச் சனியில் இலைத்துண்டில் சோறு வைத்துவிட்டு "கா... கா..." என்று இரண்டாம் தரம் கூப்பிட வேண்டியதில்லை. வேலியில் ஒரு காகம் ஏற்கெனவே காத்திருக்கும். ஆனால் உடனே இறங்காது. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்க்கும், பிறகு மற்றக் கண்ணால். பக்கவாட்டில் தத்தி வந்து ஒரு வாய் எடுத்துக்கொண்டு பின்னால் பாயும். அதன் பிறகுதான் கரையும். தென்னைகளிலிருந்து மற்றவை வந்து சேரும்.

கூடி உண்ணும் இந்தக் குணத்தை நாம் போற்றுகிறோம். அதில் பாதுகாப்பும் இருக்கிறது. தலை குனிந்து தின்னும் நேரம் பூனை வந்தால், பல கண்களில் ஒன்றாவது கண்டுவிடும். பந்தியில் சமத்துவம் இல்லை. வலியது நடுவில், இளையது ஓரத்தில். தொண்டையைக் கவனியுங்கள். நாக்குக்குக் கீழே உள்ள பையில் சோற்றை அடைத்துக்கொள்வதால் அது புடைத்துத் தெரியும். கொண்டுபோனதில் ஒரு பங்கை எங்காவது செருகி, சருகால் மூடி வைக்கும்.

கழுத்தில் சாம்பல் நிறம் இருந்தால் வீட்டுக் காகம். இலங்கையில் அந்தச் சாம்பல், இந்தியக் காகத்தைவிடக் கடும் நிறம். அதனால் முழுக் கறுப்பான அண்டங்காகத்தோடு குழம்புவதுண்டு. அலகைப் பார்த்தால் தெளியும், அண்டங்காகத்தின் அலகு தடித்து வளைந்தது. சிறகு நடுங்க, சிவந்த வாய் திறந்து இரை கேட்கும் குஞ்சு குயிலினதாகவும் இருக்கலாம். குயில் முட்டையிடுவது காகக் கூட்டில்தான்.

மனிதக் குடியிருப்பை விட்டு விலகி வாழும் வீட்டுக் காகக் கூட்டம் உலகில் எங்கும் அறியப்படவில்லை. என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான். முந்தல் களப்புக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் உடப்பில் அதற்கு என்ன குறை? கரைவலையின் மடி கரையேறினால் சிந்தும் பொடிமீன், வாடியோரம் காயும் கருவாடு. கருவாட்டின் மேல் பழைய வலையை விரிப்பது காகத்துக்காகத்தான்.

வீட்டுக் காகம் கப்பலேறியும் போயிருக்கிறது. 1994இல் நெதர்லாந்தின் ஹூக் வான் ஹொலண்ட் துறைமுகத்தில் வந்திறங்கியவை பின்னர் அங்கே கூடும் கட்டின. சான்சிபார் தீவுக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் குப்பை தின்னவென்று மனிதரே கொண்டுபோனார்கள். உள்ளூர்ப் பறவைகளின் முட்டைகளும் குஞ்சுகளும் அவற்றுக்கு இரையாயின.

விரதச் சோற்றால் காகம் பெருகிவிடும் என்று நான் அஞ்சவில்லை. கரையில் கொட்டிவிடும் மீன்குடல்தான் பெருக்கும். அதைத் தென்னைக்கு அடியில் புதைத்துவிட்டு, இலையில் தாராளமாகவே சோறு வையுங்கள்.