நம் துறைமுகத்தைச் சுற்றி ஒரு கடற்பயணம்

மத்தியதரைக் கடலில் கப்பலேறி, கரையோரப் பட்டினங்களை ஒவ்வொன்றாகக் கண்டு திரும்புவது மேனாட்டார் பெரிதும் விரும்பும் உல்லாசம். வெனிஸ் நகரின் நீர்வீதிகள், டுப்ரோவ்னிக்கின் கடல்மதில், 1566-ஆம் ஆண்டில் கால்கோள் செய்யப்பெற்ற மால்டாவின் வலெட்டா ஆகிய பெயர்களைக் கேட்கும்போதே உள்ளம் அங்கே பறக்கிறது. அக்கடலோரத்தாருடன் நம் முன்னோர்க்கு இருந்த உறவும் பழமையானதே. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு நிகழ்ந்த அகழாய்வில், யவனர் மது கொணர்ந்த சாடிகள் வெளிப்பட்டன அன்றோ!

அப்பயணத்திற்கான பொருட்செலவு ஷாதிபூரில் வாழும் நம் போன்ற குடும்பங்களுக்கு எளிதில் கைகூடுவதன்று. ஆயினும் அழகும் பழமையும் நிறைந்த துறைகளைக் கடல் வழியே காணும் பேறு நம் வீட்டு வாயிலிலேயே இருக்கிறது. சுற்றுலாவினர் நெடுந்தொலைவிலிருந்து வந்து அதனைக் காண்கின்றனர். இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளிற் பலர் இன்னும் கண்டிலர். அக்குறையை நீக்கவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

நமக்குக் கடல் என்பது யாது?

நம்மவர்க்குக் கடல் என்றால் ஊருக்குப் போகும் பாதை. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். கப்பலில் மூன்று நாட்கள் ஆகும். 'அக்பர்', 'ஹர்ஷவர்த்தனா', 'நன்கௌரி' என்னும் கப்பல்களின் அடித்தளத்தில், பெட்டியும் படுக்கையும் கைக்குழந்தையுமாக வந்து இறங்கியவர்கள் நம் பெரியோர்களிற் பலர். பயணச்சீட்டுக் கவலையும், தலைச்சுற்றலும், ஊரை விட்டுவந்த ஏக்கமுமே அவர்கள் அறிந்த கடல். வானூர்தியில் இரண்டரை மணி நேரத்திற்குள் வந்திறங்கும் இளைய தலைமுறைக்கு அந்தக் கடலும் தெரியாது. 2024-ஆம் ஆண்டில் நம் நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்னும் புதுப்பெயர் அறிவிக்கப்பெற்றது. பெயர்கள் மாறும் காலத்தில் பழைய செய்திகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நம் கடமை.

மாளிகைத் தீவு

அபர்தீன் துறையிலிருந்து படகேறினால் சிறிது நேரத்தில் ராஸ் தீவை அடையலாம். 2018-ஆம் ஆண்டு டிசம்பர் 30 முதல் அதன் பெயர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. 1858-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இங்கே தண்டனைக் குடியேற்றத்தைத் தொடங்கிய பின், ஆட்சித் தலைமையிடம் இச்சிறு தீவிலேயே அமைந்தது. தலைமை ஆணையரின் மாளிகை, தேவாலயம், நடன அரங்கு, ரொட்டிக் கிடங்கு, அச்சகம், நீச்சற்குளம் யாவும் இருந்தன. 'கீழ்த்திசைப் பாரிஸ்' என்றும் இதனைப் புகழ்ந்தனர். 1941-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நேர்ந்த நிலநடுக்கம் அதன் பொலிவைக் குலைத்தது. மறு ஆண்டு ஜப்பானியர் வந்தனர். இன்று மாளிகைச் சுவர்களை ஆலமர வேர்கள் பற்றி நிற்க, மான்கள் அச்சமின்றி மேய்கின்றன. காண்போர் உள்ளத்தை உருக்கும் காட்சி இது.

தூக்குமேடைத் தீவு

அதே துறைமுகத்தின் உட்புறத்தே வைப்பர் தீவு இருக்கிறது. செல்லுலர் சிறை 1906-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெறுவதற்கு முன்பே, கைதிகளைச் சங்கிலியிற் பிணைத்து வேலை வாங்கிய சிறை இங்கிருந்தது. குன்றின்மேல் நிற்கும் சிவந்த கட்டடம் தூக்குமேடை. 1872-ஆம் ஆண்டு பிப்ரவரி 8 அன்று ஹோப்டவுன் துறையில் அரசப் பிரதிநிதி மேயோ பிரபுவைக் குத்திக் கொன்ற ஷேர் அலி, அதே ஆண்டில் இத்தீவில் தூக்கிலிடப்பட்டான்.

ஒரு தீவில் நடன அரங்கு, மற்றொன்றில் தூக்குமேடை. இவ்விரண்டையும் ஒரே நாளில் கண்டு திரும்பும் பிள்ளை, "அந்த மாளிகைக்குச் செங்கல் சுமந்தவர் யார்?" என்று கேட்குமாயின், நம் பயணச்செலவு வீண்போகவில்லை எனலாம். காடு வெட்டியதும் கல் சுமந்ததும் கைதிகளின் கைகளே. வலெட்டாவின் கோட்டையை எழுப்பியதிலும் அடிமைகளின் உழைப்பு உண்டு. துறைமுகப் பட்டினம் எதுவாயினும், அதன் அழகுக்குப் பின்னே பெயர் எழுதப்படாத உழைப்பாளர் கூட்டம் ஒன்று நிற்கிறது.

திரும்பும் வழியில் சாத்தம் தீவின் மரம் அறுக்கும் ஆலையைக் காணலாம். அது 1883-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. எதிரே வடவளைகுடாவின் கலங்கரை விளக்கம் தோன்றும். பழைய 20 ரூபாய்த் தாளில் அச்சிடப்பெற்ற காட்சி அதுவே என்று சொல்லிக் காட்டினால் சிறுவர்கள் துள்ளி மகிழ்வர்.

இன்னும் சற்றுத் தொலைவில்

நாள் கிடைக்குமாயின், பீனிக்ஸ் வளைகுடாத் துறையிலிருந்து அரசுப் படகில் ஸ்வராஜ் தீவுக்கும் ஷகீத் தீவுக்கும் செல்க. முறையே ஹேவ்லாக், நீல் என்று நாம் அழைத்து வந்தவை இவையே. ராதாநகர்க் கடற்கரையின் வெண்மணலைப் புகழாதார் இலர். ஷகீத் தீவின் ஊர்களுக்கோ சீதாபூர், ராம்நகர், லட்சுமண்பூர், பரத்பூர் என்று இராமாயணப் பெயர்கள். கிழக்கு வங்கத்திலிருந்து வீடிழந்து வந்தோர் அக்காடுகளைத் திருத்திக் கழனியாக்கினர். நம்மைப் போலவே அவர்களும் வந்தேறியவர்களே என்பதைப் பிள்ளைகள் உணர்தல் வேண்டும்.

புறப்படுவோர்க்குச் சில சொற்கள்

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாயிருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றின்போது படகுகள் நின்றுவிடுவதுண்டு. எந்தத் தீவுக்கு எந்நாளில் படகு உண்டு என்பதை முன்னரே துறையிற் கேட்டறிக. தீவுவாசி அட்டையை மறவாது எடுத்துச் செல்க. அரசுக் கப்பல்களில் கட்டணம் குறையும். குமட்டல் கண்டோர்க்கு இஞ்சியும் எலுமிச்சையும் கைகொடுக்கும். மிதவை அங்கியைச் சிறுவர்கள் கழற்றாமற் பார்த்துக்கொள்க.

எல்லாவற்றிற்கும் மேலாக, வீட்டிலுள்ள பாட்டனாரையோ பாட்டியாரையோ உடன் அழைத்துச் செல்க. எந்த ஆண்டில், எந்தக் கப்பலில் வந்தனர். முதலில் எங்கே தங்கினர். என்ன வேலை செய்தனர் என்பவற்றைப் படகிலேயே கேட்டு, ஒரு குறிப்பேட்டில் பெயரன் பெயர்த்தியர் கையால் எழுதச் செய்க. ராஸ் தீவின் ஆணையர்களைப் பற்றி நூல்கள் உள்ளன. இத்துறையில் மூட்டை சுமந்தும், சாலை போட்டும், கடை வைத்தும் குடும்பத்தை நிலைநிறுத்திய நம்மவரைப் பற்றி நாம் எழுதாவிடில் வேறு யார் எழுதுவர்?