குடவோலையும் முகநூல் விளம்பரமும்: மாதிரித் தேர்வில் விடுபடுவோர்

உத்திரமேரூரின் முதலாம் பராந்தகச் சோழன் காலக் கல்வெட்டு (கி.பி. 921), 30 குடும்புகளிலும் பெயரோலைகளைக் குடத்திலிட்டு எடுத்த முறையை விவரிக்கிறது. ஓலை எடுப்பதில் பாகுபாடு இல்லை. எனினும் பொதுவாகக் கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையும் உடையோர் பெயர்களே குடத்துள் சென்றன.

முகநூல் விளம்பரவழி ஆய்வுப் பங்கேற்பாளரைத் திரட்டுவதிலும் இச்சிக்கல் உண்டு. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), இந்தியக் கிராமப்புறத்தில் 15–49 வயதினருள் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியோர் பெண்களில் 24.6 விழுக்காடு, ஆண்களில் 48.7 விழுக்காடு. மேலும், சொடுக்க வாய்ப்புள்ளோர்க்கே விளம்பரம் மிகுதியாகக் காட்டப்படுகிறது. பால், வயது, கல்வி வாரியாகத் தனித்தனியே விளம்பரமிட்டு, மக்கள்தொகை விகிதப்படி எடையிடுதல் இச்சாய்வைக் குறைக்கும். ஆயினும், குடத்துள் இடப்படாத ஓலையை எவ்வெடையும் வெளிக்கொணராது. ஆகவே, உத்திரமேரூர் வட்டச் சிற்றூர்களில் இணையம் அறியாப் பெண்களின் கருத்தை நேரில் சென்று திரட்டுவது இன்றியமையாதது.