டவர் போட்டா நெட் வந்துடுமா? சிறிய வயர்லெஸ் இணைய நிறுவனங்கள் அலைவரிசையையும் கருவியையும் எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும்?

ஊருக்குள் ஃபைபர் வந்துவிட்டது. ஆனால் அங்கிருந்து 5 கி.மீ. தள்ளி இருக்கும் தோட்டத்து வீடுகளுக்கு வரவில்லை. நடுவில் ஓடை, ரயில் பாதை, தனியார் நிலம் என ஏகப்பட்ட தடைகள். கேபிள் இழுத்தால் செலவு கட்டுப்படியாகாது. இந்த இடத்தில்தான் உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்கள் பலருக்கும் ஒரு யோசனை வரும்: "மாடியில ஒரு டவர் போட்டு, வயர்லெஸ்ல கொடுத்துட்டா என்ன?"

தாராளமாகக் கொடுக்கலாம். அலைவரிசைக்கு ஏலம் எடுக்காமலேயே கொடுக்கலாம். ஆனால், முதல் 10 வீடுகளுக்கு அருமையாக ஓடிய நெட், 40-வது வீடு சேர்ந்ததும் இரவு 8 மணிக்குச் சுற்றிக்கொண்டே நிற்கும். கடன் வாங்கிப் போட்ட முதலீடும் அதோடு மாட்டிக்கொள்ளும். டவர் ஏற்றுவதற்கு முன்பே எடுக்க வேண்டிய சில முடிவுகள்தான் இதைத் தீர்மானிக்கின்றன. அவை என்னென்ன? விரிவாகப் பார்க்கலாம்.

உரிமம் தேவையில்லாத அலைவரிசை எது?

செல்போன் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் கொடுத்து ஏலத்தில் எடுக்கும் அலைவரிசை, அவர்களுக்கு மட்டுமே சொந்தம். சிறிய நிறுவனங்களால் அந்தப் பக்கம் போகவே முடியாது. அவர்களுக்கு இருப்பது இரண்டு பாதைகள்தான்.

ஒன்று, 2.4 ஜிகாஹெர்ட்ஸ். இந்தியாவில் 2005-ம் ஆண்டு முதல் இதை வெளியிடங்களிலும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். அதே ஆண்டில்தான் இமாச்சலின் தர்மசாலாவில், திபெத்தியர்கள் வாழும் மலைப்பகுதியில், சமூக வைஃபை நெட்வொர்க் ஒன்று தொடங்கியது. இன்று கிராமப்புற இணையச் சேவை தரும் 'ஏர்ஜல்தி'யின் தொடக்கம் அதுதான்.

இரண்டாவது, 5 ஜிகாஹெர்ட்ஸ். 2018 அக்டோபரில் மத்திய அரசு இந்தப் பகுதியில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு உரிம விலக்கு அளித்தது. 5,150 முதல் 5,350 வரை, 5,470 முதல் 5,875 வரை உள்ள மெகாஹெர்ட்ஸ்கள் இதில் அடங்கும்.

சரி, இதில் எது நல்லது?

தூரம் என்று பார்த்தால் 2.4 முந்தும். ஒரே தூரத்தில், அதே சக்தி, அதே ஆன்டெனா பலத்தில் 5.8-ஐ விட சுமார் 6 மடங்கு சிக்னல் போய்ச் சேரும். மரம், சுவரையும் ஓரளவு தாண்டும். ஆனால் இங்கே இருக்கும் இடமே வெறும் 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 3 மட்டுமே. அதில்தான் ஊரில் உள்ள எல்லா வைஃபை ரூட்டர்களும், ப்ளூடூத்தும், மைக்ரோவேவ் அடுப்பும் ஓடுகின்றன. சந்தை நாளில் பஸ் ஸ்டாண்டில் நின்று போன் பேசுவது மாதிரிதான்.

எனவே டவரில் இருந்து வீடுகளுக்கு 5 ஜிகாஹெர்ட்ஸ்தான் நடைமுறைத் தேர்வு. அதிலும் 5,725 முதல் 5,875 வரை உள்ள மேல் பகுதியில் அதிக சக்தி அனுமதிக்கப்படுவதால், தொலைதூர இணைப்புக்கு அதுவே ஏற்றது. நடுப்பகுதியில் அனுமதி அளவு குறைவு. ரேடார்களும் அங்கே இயங்குவதால், ரேடாரைக் கண்டதும் சேனல் மாறிக்கொள்ளும் வசதி கருவியில் இருப்பது அவசியம்.

'ஃப்ரீ' என்றால் எல்லாமே ஃப்ரீயா?

இல்லை. இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். உரிம விலக்கு என்பது அலைவரிசைக்கு மட்டும்தான். பொதுமக்களுக்குப் பணம் வாங்கி இணையம் கொடுக்க, தொலைத்தொடர்புத் துறையின் இணையச் சேவை அனுமதி வேண்டும். அல்லது, அந்த அனுமதி உள்ள நிறுவனத்தின் பங்குதாரராக இருக்க வேண்டும். கருவிக்கும் டபிள்யூபிசி பிரிவின் 'இடிஏ' எனும் ஒப்புதல் இருக்க வேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். இந்த அலைவரிசையில் யாருக்கும் பாதுகாப்பு கிடையாது. பக்கத்துத் தெருவில் வேறொருவர் அதே சேனலில் டவர் போட்டு உங்கள் சிக்னல் கெட்டுப்போனாலும், "எனக்கு இடையூறு" என்று பாதுகாப்பு கோர முடியாது. பெரிய நிறுவனங்களும் இதே இடத்துக்கு வந்துவிட்டன. ஜியோ தனது ஏர்ஃபைபர் சேவையில் 5ஜி-யோடு சேர்த்து, உரிமம் தேவையில்லாத 5 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோக்களையும் பயன்படுத்துகிறது. ஆக, இன்று அமைதியாக இருக்கும் சேனல் நாளையும் அப்படியே இருக்கும் என்று நம்பி முதலீடு செய்யக் கூடாது.

பெரிய டிஷ் வைத்தால் சிக்னல் கூடுமா?

பாதி உண்மை. 5.8 பகுதியில் ஆன்டெனாவையும் சேர்த்து வெளியேறும் சக்தி 4 வாட், அதாவது 36 டிபிஎம் தாண்டக் கூடாது. ஆன்டெனா பலமாக இருந்தால் ரேடியோவின் சக்தியைக் குறைத்தாக வேண்டும். 16 டிபிஐ ஆன்டெனா என்றால் ரேடியோ 20 டிபிஎம். 30 டிபிஐ டிஷ் என்றால் வெறும் 6 டிபிஎம்தான்.

அப்போ பெரிய டிஷ் எதுக்கு? கேட்பதற்கு. காதருகே கையைக் குவித்துக் கேட்பது போல, எதிரில் வரும் சிக்னலை மட்டும் அது பிடிக்கும். பக்கவாட்டில் இருந்து வரும் இரைச்சலைத் தள்ளிவிடும்.

ஓர் உதாரணக் கணக்கு. டவரில் இருந்து 36 டிபிஎம் கிளம்புகிறது. 5 கி.மீ. வெட்டவெளியில் சுமார் 122 டெசிபல் இழப்பு. வீட்டில் 25 டிபிஐ டிஷ். போய்ச் சேருவது சுமார் மைனஸ் 61. சுற்றுப்புற இரைச்சல் மைனஸ் 90 என்றால் இடைவெளி 29 டெசிபல், நெட் பறக்கும். இரைச்சல் மைனஸ் 75 என்றால் இடைவெளி 14 மட்டுமே. சிக்னல் கொஞ்சம்கூடக் குறையவில்லை, ஆனால் வேகம் பல மடங்கு சரிந்துவிடும். அதனால்தான் 'ஃபுல் சிக்னல் காட்டுது, நெட் வரல' என்ற புகார் எழுகிறது.

இதைத் தவிர்க்க, கருவி வாங்கும் முன்பே டவர் இடத்தில் ஏறி, அலைவரிசையை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். பகலில் மட்டும் பார்த்தால் போதாது. எல்லோரும் வீட்டில் இருக்கும் இரவு நேரத்திலும் பார்க்க வேண்டும்.

மரங்களையும் கணக்கில் எடுங்கள். டவரும் வீடும் ஒன்றுக்கொன்று கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. 5 கி.மீ. இணைப்பில், நடுவழியில் அந்த நேர்கோட்டைச் சுற்றி சுமார் 5 மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். இன்று உரசாத தென்னை, மூன்று வருடத்தில் உரசும்.

எந்தக் கருவி வாங்குவது?

வீட்டு வைஃபை தொழில்நுட்பத்தை அப்படியே டவரில் ஏற்றினால் வேலைக்கு ஆகாது. இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2000-களின் நடுவில், தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும், சுற்றுவட்டாரக் கிராமங்களின் கண் பரிசோதனை மையங்களையும், அமெரிக்காவின் பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வைஃபை மூலம் இணைத்தார்கள். கிராமத்தில் இருக்கும் நோயாளி, தேனியில் இருக்கும் மருத்துவரிடம் வீடியோவில் பேச முடிந்தது. ஆனால் பல கிலோமீட்டர் தூரத்தில் சாதாரண வைஃபையின் பேச்சு முறை சரிப்படவில்லை. ஒவ்வொரு தகவலுக்கும் 'வந்து சேர்ந்தது' என்ற பதிலுக்காக அது காத்திருக்கும். காத்திருக்கும் நேரம் தாண்டினால் மறுபடியும் அனுப்பும். எனவே நேரத்தைப் பங்கு போட்டுப் பேசும்படி மென்பொருளை மாற்றினார்கள்.

இன்று அதே முறைக்கு 'டிடிஎம்ஏ' என்று பெயர். வகுப்பில் ஆசிரியர் பெயர் சொல்லி அழைப்பது போல, டவர் ஒவ்வொரு வீட்டையும் அதனதன் முறை வரும்போது மட்டும் பேச வைக்கும். யுபிக்விட்டியின் ஏர்மேக்ஸ், கேம்பியத்தின் இபிஎம்பி, மைக்ரோடிக்கின் என்வி2, மிமோசா எல்லாம் இந்த வழியில் வருபவை. பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் டவர் ரேடியோவோடு இன்னொரு நிறுவனத்தின் வீட்டுக் கருவி இந்த முறையில் பேசாது. அதாவது, முதல் ரேடியோவை வாங்கும்போதே அடுத்த 200 வீடுகளுக்கான பிராண்டையும் முடிவு செய்துவிடுகிறீர்கள்.

ஆகவே விலையோடு சேர்த்து இவற்றையும் பாருங்கள்: இடிஏ ஒப்புதல் இருக்கிறதா? பழுதானால் உள்ளூரில் மாற்றுக் கருவி கிடைக்குமா? ஒரே டவரில் பல ரேடியோக்கள் ஒன்றையொன்று கெடுக்காமல் இருக்க ஜிபிஎஸ் ஒத்திசைவு உண்டா? அமைப்பில் நாடு 'இந்தியா' என்றே இருக்கட்டும். வேறு நாட்டைத் தேர்ந்தெடுத்து சக்தியைக் கூட்டுவது சட்டமீறல். உங்கள் டவரின் இரைச்சலையே அது கூட்டும்.

ஒரு டவரில் எத்தனை வீடு?

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எம்பிபிஎஸ், அப்லோடும் டவுன்லோடும் சேர்ந்த ஆய்வக அளவு. கையில் கிடைப்பது அதைவிட நிறையக் குறைவு. ஒரு செக்டாரில் டவுன்லோடுக்கு உண்மையில் 120 எம்பிபிஎஸ் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு எச்டி வீடியோவுக்கு 5 எம்பிபிஎஸ் என்றால், ஒரே நேரத்தில் 24 வீடுகள் பார்க்கலாம். 25-வது வீடு பட்டனைத் தட்டினால் எல்லோருக்கும் சுற்ற ஆரம்பிக்கும். தொலைவில் பலவீனமான சிக்னலில் ஒரு வீடு இருந்தால், அதே வீடியோவுக்கு அது அதிக நேரத்தை எடுத்துக்கொள்ளும். பாதிக்கப்படுவது மற்ற வீடுகள்.

சேனலை 20-ல் இருந்து 40, 80 மெகாஹெர்ட்ஸ் என அகலப்படுத்தினால் வேகம் கூடும்தான். ஆனால் அகலம் இரட்டிப்பானால் உள்ளே வரும் இரைச்சலும் இரட்டிப்பாகும், மற்ற செக்டார்களுக்கு இடம் இருக்காது. நெரிசலான ஊரில் குறுகிய சேனல், சிறிய செக்டார், குறைந்த தூரம் என்பதே பாதுகாப்பான வழி. ஃபைபர் போகும் இடம் வரை ஃபைபரையே கொண்டுபோய், கடைசி ஓரிரு கிலோமீட்டருக்கு மட்டும் வயர்லெஸ் வைப்பது இன்னும் நல்லது.

6 ஜிகாஹெர்ட்ஸ், 60 ஜிகாஹெர்ட்ஸ் உதவுமா?

6 ஜிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதியைத் திறந்துவிட 2025 மே மாதம் மத்திய அரசு வரைவு விதிகளை வெளியிட்டது. ஆனால் அது வீட்டுக்குள் குறைந்த சக்தியிலும், வெளியே மிகக் குறைந்த சக்தியிலும் பயன்படுத்துவதற்கானது. டவர் இணைப்புக்கு உதவாது.

60 ஜிகாஹெர்ட்ஸ் கருவிகள் குறைந்த தூரத்தில் ஜிகாபிட் வேகம் தரும். ஆக்சிஜனும் மழையும் சிக்னலை விழுங்கும் என்பதால் தூரம் போகாது. வெளிநாட்டில் உரிமம் தேவையில்லை என்பதற்காக ஆன்லைனில் வாங்கி மாட்டிவிட வேண்டாம். அந்த அனுமதி இங்கே தானாகப் பொருந்தாது.

அமெரிக்காவில் 3,550 முதல் 3,700 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு நடுவழி இருக்கிறது. கடற்படை ரேடார் பயன்படுத்தாத நேரத்தில், கணினி ஒதுக்கீட்டு முறையில் சிறிய நிறுவனங்களும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். இந்தியாவில் 3.3 ஜிகாஹெர்ட்ஸ் பகுதி 2022-ல் 5ஜி-க்காக ஏலம் போனது.

மறந்துவிடக் கூடாத செலவுகள்

ரேடியோவைவிட அதைக் காப்பாற்றும் பொருட்களில்தான் பலர் மிச்சம் பிடிக்கிறார்கள். முறையான எர்த்திங், சர்ஜ் தடுப்பான், வெயில் தாங்கும் ஷீல்டு கேபிள், பேட்டரி பேக்கப், காற்றைத் தாங்கும் டவர் ஆகியவை இல்லாவிட்டால் ஒரே இடியில் மொத்த ரேடியோவும் போகும். 2018 கஜா புயலில் டெல்டா மாவட்டங்கள் பட்ட பாட்டை நினைத்தால், இதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

இணைப்பு வாங்குபவர்கள் என்ன கேட்க வேண்டும்?

உங்கள் ஊரில் யாராவது வயர்லெஸ் இணைப்பு தர வந்தால், இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

1. உங்களுக்கோ, உங்கள் தாய் நிறுவனத்துக்கோ இணையச் சேவை அனுமதி இருக்கிறதா?
2. எங்கள் வீடு இருக்கும் செக்டாரில் ஏற்கெனவே எத்தனை வீடுகள் இருக்கின்றன?
3. இரவு 8 மணிக்கு பக்கத்து வீட்டில் ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்ட முடியுமா?
4. கரண்ட் போனால் டவர் எத்தனை மணி நேரம் ஓடும்?

மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் "வாங்க, காட்டுறேன்" என்பவரிடம் இணைப்பு வாங்கலாம். டவர் போட நினைப்பவர்களுக்கும் அதே சோதனைதான்: அந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்ல முடிகிற எண்ணிக்கையோடு, அந்த செக்டாரில் புதிய இணைப்பை நிறுத்திக்கொள்ளுங்கள்.